வசனம் எழுதிப் பேர் வாங்கியவர் வசனத்தைக் குறைத்தது ஏன்? (இயக்குநர் மகேந்திரன் பற்றி)

வைகைக்கரையான்:

மகேந்திரனைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "வசனமே இல்லாமல் படம் எடுத்தவர்" என்ற ஒரு வரியில் வந்து நின்றுவிடுகிறது. அந்த வரி அவருடைய பாதி வாழ்க்கையை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். இயக்குநர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் பத்து வருஷத்துக்கும் மேல் கதையும் வசனமும் எழுதிப் பிழைத்தவர் அவர். அதுவும் சாதாரண வசனமா? 'தங்கப்பதக்கம்' படத்தில் சிவாஜி நடித்த போலீஸ் அதிகாரி எஸ்.பி. சௌத்ரி பேசிய வசனம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1939-ல் இளையான்குடியில் பிறந்தவர், இயற்பெயர் ஜோசப் அலெக்சாண்டர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்தபோது, 1958-ல், எம்.ஜி.ஆர். அங்கே ஒரு விழாவுக்கு வந்தார். அவரை மேடையில் வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவின் செயற்கைத்தனத்தை வெளுத்து வாங்கினார் இந்த மாணவர். நாங்கள் ஒரு பெண்ணிடம் நின்று பேசினாலே ஊர் கூடிவிடுகிறது, சினிமாவில் மட்டும் ஊரே கேட்கிற மாதிரி டூயட் பாடுகிறார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை என்ற தோரணையில் பேச்சு. எம்.ஜி.ஆருக்குக் கோபம் வரவில்லை. பாராட்டி ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம் சென்னை சட்டக் கல்லூரி, பணம் இல்லாமல் அதைப் பாதியில் விட்டது, 'இனமுழக்கம்' பத்திரிகை வேலை. செய்தியாளராகப் போன இடத்தில் எம்.ஜி.ஆர். அடையாளம் கண்டுகொண்டு லாயிட்ஸ் சாலை வீட்டுக்கு வரச் சொன்னார். 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதும் வேலையைக் கொடுத்தார். எம்.ஜி.ஆர். அந்தப் படத்தை எடுக்கவே இல்லை, அது வேறு கதை. 1966-ல் 'நாம் மூவர்', பிறகு 'சபாஷ் தம்பி', 'பணக்காரப் பிள்ளை', சிவாஜிக்கு 'நிறைகுடம்' என்று கதாசிரியராகப் பெயர் வரத் தொடங்கியது. 1974-ல் 'தங்கப்பதக்கம்'.

1978 ஆகஸ்ட் 15-ல் 'முள்ளும் மலரும்' வருகிறது. அடுத்த வருஷம் 'உதிரிப்பூக்கள்'. சௌத்ரியின் வசனத்தையும் இதையும் எழுதியது ஒரே ஆள் என்று சொன்னால் இன்றைக்கும் என் வீட்டில் பாதிப் பேர் நம்புவதில்லை.

என் கட்சி இதுதான்: அவர் வசனத்தை வெறுத்து ஒதுக்கியவர் அல்ல. வசனம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று கையால் எழுதி எழுதித் தெரிந்துகொண்டவர். அந்தப் பயிற்சி இல்லாத ஒருவர் வசனத்தைக் குறைத்திருந்தால் படம் ஊமையாகியிருக்கும். உங்கள் கருத்து என்ன?

நிழல்படம்:

நல்ல இழை. ஆனால் எல்லாவற்றையும் எழுத்தாளர் கணக்கில் எழுதுவது நியாயமா சார்? 'முள்ளும் மலரும்' படத்துக்கு ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. அவர் அதற்கு முன்பே கன்னடத்தில் 'கோகிலா' எடுத்து முடித்த இயக்குநர். காட்சியால் கதை சொல்வது எப்படி என்று அவருக்கு ஏற்கனவே தெரியும். முதல் படம் எடுக்கிற ஒருவருக்கு அப்படி ஒரு ஒளிப்பதிவாளர் கிடைத்தது பாதி வெற்றி. அந்த இரண்டு பேரையும் சேர்த்துவைத்ததே கமல்தான்.

பின்னணி இசையும் அப்படியே. முதல் படத்திலிருந்து எண்பதுகளின் நடுப்பகுதி வரைக்கும் இளையராஜா கூடவே இருக்கிறார். பேச்சு இல்லாத இடத்தையெல்லாம் அவர்தான் தாங்கிப் பிடிக்கிறார். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மகேந்திரனின் மௌனம் என்ன ஆகும்?

நாடகக்காரன்:

வைகைக்கரையான் தம்பி, நான் நாடகப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இளவயதில் எங்கள் ஊர்க் கோவில் திருவிழாக்களில் 'தங்கப்பதக்கம்' போட்டிருக்கிறோம். ஊருக்கு ஊர் அந்த நாடகத்தைப் போடாத குழு அப்போது கிடையாது. செந்தாமரை அண்ணன் மேடையில் அதிகாரி வேஷம் கட்டி ஆடிய நாடகம் அது. பிறகு சிவாஜி நாடக மன்றம் எடுத்துக்கொண்டது, அப்புறம்தான் பி. மாதவன் இயக்கத்தில் படம்.

மேடை நாடகத்தில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு நடிகன் கண் தெரியாது. மைக் இரண்டோ மூன்றோ தொங்கும், அதன் அடியில் வந்து நின்றுதான் பேச வேண்டும். கோபம் வந்திருக்கிறது, மகன் கெட்டுப்போனதில் நெஞ்சு வெடிக்கிறது, ஆனாலும் கடமைதான் பெரிது என்று அவன் முடிவு செய்துவிட்டான் என்பதையெல்லாம் வாயால் சொன்னால்தான் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். அந்த நாடகத்தின் வசனம் இதற்காகவே செய்தது. மூச்சு எங்கே எடுக்கலாம், கைதட்டல் எங்கே வரும், தட்டல் அடங்கும் வரை எந்தச் சொல்லில் நின்றுகொள்ளலாம் என்பதெல்லாம் வரியிலேயே இருக்கும். நாங்கள் பேசிப் பார்த்தபோது புரிந்தது. எழுதியவருக்கு நடிகனின் தொண்டை எப்படி வேலை செய்யும் என்று தெரிந்திருக்கிறது.

சினிமாவுக்கு வந்தால் கேமரா முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வந்து நிற்கிறது. கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் கண் தெரிகிறது. அப்புறம் அதே வசனம் எதற்கு? மேடைக்கு எழுதத் தெரிந்தவருக்குத்தான் இந்த வித்தியாசம் முதலில் உறைக்கும். நம் ஊரில் மேடையிலிருந்து வந்த பலருக்கும் அது உறைக்கவில்லை, நாடகத்தை அப்படியே படமாக்கிக்கொண்டே இருந்தார்கள். மகேந்திரனுக்கு உறைத்தது. அதனால் நான் தம்பி கட்சி.

வைகைக்கரையான்:

அண்ணே, நான் தேடிக்கொண்டிருந்த விளக்கம் இது. நன்றி.

நிழல்படம் கேட்டதற்கு வருகிறேன். பாலு மகேந்திராவின் பங்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் 'உதிரிப்பூக்கள்' படத்துக்கு ஒளிப்பதிவு அசோக்குமார். 'ஜானி', 'நெஞ்சத்தைக் கிள்ளாதே', 'மெட்டி', 'நண்டு' எல்லாம் அசோக்குமார்தான். ஒளிப்பதிவாளர் மாறிய பிறகும் அந்தச் சிக்கனம் அப்படியே தொடர்கிறது. அப்படியென்றால் அது தாளிலேயே இருந்திருக்கிறது. கேமராவும் இசையும் அந்த வெற்றிடத்தை நிரப்பியதற்குக் காரணம், எழுதும்போதே இவர் இடம் விட்டுவைத்ததுதான்.

தயாரிப்பாளர் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 'முள்ளும் மலரும்' தயாரிப்பாளர் ஆனந்தி பிலிம்ஸ் வேணு செட்டியார். அண்ணன் தங்கை கதை என்று மட்டும் சொல்லித்தான் மகேந்திரன் சம்மதம் வாங்கினார். அண்ணன் தங்கை என்றால் அந்தக் காலத்தில் யாருக்கும் 'பாசமலர்'தான் ஞாபகம் வரும். அந்த எதிர்பார்ப்போடு உட்கார்ந்து படத்தைப் பார்த்தவருக்கு அதிர்ச்சி. வசனமே காணோமே, என் பணம் போச்சே என்று கலங்கிப்போனார். 'செந்தாழம் பூவில்' பாட்டையொட்டிய ஒரு காட்சி மட்டும் பாக்கி. அதற்கு இனிமேல் செலவு செய்ய மாட்டேன் என்றுவிட்டார். கமல்ஹாசன் தன் பணத்தைப் போட்டு அந்தப் பகுதியை எடுக்க உதவினார். படம் ஓடிய பிறகு அதே செட்டியார் தொகை எழுதாத காசோலையை நீட்டினார் என்று மகேந்திரனே சொல்லியிருக்கிறார்.

ரஜினியைப் போடுவதற்கும் செட்டியாருக்கு மனமில்லை, வில்லன் வேஷம் கட்டிக்கொண்டிருந்த ஆள் என்று. மகேந்திரன் விடாப்பிடியாக நின்றார்.

மல்லி_உறையூர்:

பொதுவாக இங்கே படித்துவிட்டுப் போய்விடுவேன். இந்த இழையில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

வசனத்தைக் குறைத்தவர் என்கிறீர்கள். 'ஜானி' படத்தில் ஸ்ரீதேவி நடித்த அர்ச்சனா, ரஜினி நடித்த ஜானியிடம் தன் காதலைச் சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அதில் பேச்சு நிறையவே இருக்கிறது. ஆனால் யார் பேசுகிறார்கள், எதற்காகப் பேசுகிறார்கள் என்பதுதான் வேறு.

அவள் பேர் பெற்ற பாடகி. அவன் திருடன், அது அவளுக்குத் தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவள்தான் கேட்கிறாள். 1980-ல், தமிழ்ப் படத்தில், பெண் கேட்கிறாள். அவனால் சரி என்று சொல்ல முடியவில்லை. தன் யோக்கியதை அவனுக்குத் தெரியும், அதை வெளியே சொல்லவும் வாய் வரவில்லை. அவன் தயங்கிய அந்தச் சில நொடிகளை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறாள். மேடையில் பாடுகிற பெண், எப்படிப்பட்டவளோ என்று நினைக்கிறான் போல என்று. உடனே தன்னைத் தானே தாழ்த்திக்கொண்டு நிறுத்தாமல் பேசத் தொடங்குகிறாள். ஏன் இப்படிப் படபடவென்று பேசுகிறீர்கள் என்று அவன் பதறுகிறான்.

அந்தக் காட்சியில் அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் தவறான ஊகம். நமக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது. பெண்கள் அப்படித்தான் ஒரு மௌனத்தைப் பார்த்துப் பயந்து அதன்மேல் பேச்சைக் கொட்டுவோம். அவமானம் வருவதற்கு முன்னால் நாமே அதைச் சொல்லிவிட்டால் வலி குறையும் என்று ஒரு நினைப்பு. ஸ்ரீதேவி அதை நடித்தது எவ்வளவு அழகோ, அதை எழுதியதும் அவ்வளவு அழகு. வசனத்தை வேண்டாம் என்று தள்ளிய ஒருவரால் இந்தக் காட்சியை எழுதியிருக்க முடியாது. அதனால் நானும் வைகைக்கரையான் சார் பக்கம்தான்.

ஆனால் ஒரு வருத்தம் உண்டு. அவருடைய பெண்கள் நிறைய சகிக்கிறார்கள். 'உதிரிப்பூக்கள்' படத்தில் வரும் மனைவி லட்சுமி சகித்துச் சகித்தே செத்துப்போகிறாள். ஆண் எழுதியதால்தான் அவள் அவ்வளவு பொறுமைசாலியோ என்று அந்தப் படம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

நிழல்படம்:

மல்லி அக்கா, லட்சுமியைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சகிப்பைப் படம் மெச்சுகிறதா? எனக்கு அப்படித் தெரியவில்லை. அவளுடைய பொறுமையால் அந்த வீட்டில் ஒன்றுமே மாறுவதில்லை. கணவன் திருந்துவதில்லை. அந்தக் காலத்துப் படங்களில் மனைவியின் கண்ணீரைப் பார்த்துக் கடைசி ரீலில் கணவன் காலில் விழுவான். இங்கே அவன் அவளுடைய தங்கையையே பெண் கேட்கிறான்.

ஒன்லைன்:

நான் கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராக இருக்கிறேன். எங்கள் பிழைப்பின் கோணத்திலிருந்து கொஞ்சம்.

கதை விவாதத்தில் உட்காரும்போது சீன் பேப்பரில் இடது பக்கம் காட்சி விவரம், வலது பக்கம் வசனம். பெரும்பாலும் இடது பக்கத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு வலது பக்கத்தில்தான் எல்லோரும் வேலை செய்வார்கள். தயாரிப்பாளருக்குக் கதை சொல்லும்போதும் வசனமாகத்தான் சொல்ல முடியும். "இந்த இடத்தில் அவன் ஒன்றும் பேச மாட்டான்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் சுருங்கும். ஒரு நிறுவனத்தில் நான் வேலை பார்த்தபோது, முதல் பாதியில் நாயகன் பேசும் வரிகள் போதாது என்று சொல்லி முடித்த திரைக்கதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேணு செட்டியாரின் கலக்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது, பணம் போட்டவர் அவர்.

'முள்ளும் மலரும்' படத்தில் ரஜினி நடித்த காளி ஒரு கையை இழந்து வீடு திரும்பும் காட்சியை எழுதிப் பழகச் சொல்லி எங்கள் இயக்குநர் ஒருமுறை எங்களுக்கு வேலை கொடுத்தார். படத்தைப் பார்க்காத மாதிரி எழுத வேண்டும். லாரி ஏறிக் கை போய்விட்டது, தங்கைக்கு இன்னும் தெரியாது, வீட்டுக்கு வருகிறான். எல்லோரும் அவளை ஓவென்று அழவைத்தோம், "அண்ணா உன் கை எங்கே அண்ணா" என்று கத்தவைத்தோம். பிறகு படத்தைப் போட்டுக் காட்டினார். தங்கையாக நடித்த ஷோபா அதைக் கண்டுகொள்ளும் விதத்தைப் பாருங்கள். அண்ணன் வந்துவிட்டான் என்ற சந்தோஷம் முதலில் முகத்தில் வர அவகாசம் கொடுத்திருக்கிறார். அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே அவளுக்குத் தெரியவருகிறது. அதற்குமேல் யாரும் அங்கே எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் எழுதியதில் இல்லாதது அந்த முதல் சந்தோஷம். வசனத்தை வெட்டினால் மட்டும் மகேந்திரன் ஆகிவிட முடியாது, வெட்டிய இடத்துக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். அதே படத்தில்தான் "கெட்ட பய சார் இந்தக் காளி" இருக்கிறது. நாற்பது வருஷம் கழித்தும் ஊர் சொல்லிக்கொண்டிருக்கிற வசனம். படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்திருந்தால் அது இப்படி நின்றிருக்காது.

பழைய_பேப்பர்:

நாவல்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. 'முள்ளும் மலரும்' உமாசந்திரன் எழுதியது, கல்கி போட்டியில் பரிசு வாங்கிய நாவல். 'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. 'பூட்டாத பூட்டுகள்' பொன்னீலனுடையது. 'நண்டு' சிவசங்கரி. 'சாசனம்' கந்தர்வன் சிறுகதை. 'கை கொடுக்கும் கை' கன்னடத்தில் புட்டண்ணா கணகால் எடுத்த 'கதா சங்கமா' படத்தின் ஒரு பகுதியிலிருந்து வந்தது. இவ்வளவையும் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டவரைப் பெரிய எழுத்தாளர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வைகைக்கரையான்:

'சிற்றன்னை'யைப் படித்துவிட்டு 'உதிரிப்பூக்கள்' பாருங்கள் சார், நீங்களே சொல்வீர்கள். அந்தக் குறுநாவலில் அவரைப் பிடித்துக்கொண்டது தாயில்லாத இரண்டு குழந்தைகள். சுந்தரவடிவேலு என்ற பெயரையும் எடுத்துக்கொண்டார். மற்றபடி அந்தக் கிராமம், ஆற்றங்கரை, பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டு ஊரில் கௌரவமாக உலவும் அந்தக் கொடியவன், எல்லாம் மகேந்திரனுடையவை. இவ்வளவு மாற்றிய பிறகும் புதுமைப்பித்தன் பெயரை டைட்டிலில் போட்டார். போடாமல் விட்டிருந்தால் பெரும்பாலோர் கண்டுபிடித்திருக்கவே மாட்டார்கள்.

'முள்ளும் மலரும்' நாவலையும் அவர் அப்படியே பின்பற்றவில்லை. விஞ்ச் (கம்பியால் வண்டியை இழுக்கும் இயந்திரம்) ஓட்டுகிற ஒரு முரடன், அவனுக்கு ஒரு தங்கை, அவன் கையை இழக்கிறான். இந்த மூன்றும் அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. விஞ்சை எப்படிப் பயன்படுத்துகிறார் பாருங்கள். மின்நிலையத்து ஊழியர்களுக்கான வண்டியில் ஊர் ஜனங்களையும் ஏற்றிக்கொள்வது காளியின் பெருமை, விதிப்படி அது தப்பு என்பது புதிதாக வந்த இன்ஜினியரின் நிலை. இரண்டு பேருமே அவரவர் இடத்தில் நியாயமானவர்கள். சண்டை அங்கேதான் பிறக்கிறது. வில்லனே இல்லாமல் ஒரு மனுஷனின் வறட்டு மானத்தை வைத்து முழுப் படத்தையும் நகர்த்தியிருக்கிறார். இது திரைக்கதை எழுத்தாளரின் வேலைதானே?

கடைசிக் காட்சியில் காளி இறங்கி வருகிறான். எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணன்தான் பெரிது என்று தங்கை திரும்பி ஓடிவந்துவிட்டாள், அது அவனுக்குப் போதும். கல்யாணத்துக்குச் சம்மதம் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு, இப்பக்கூட எனக்கு உங்களைப் பிடிக்கல சார் என்கிறான் மாப்பிள்ளையான அந்த இன்ஜினியரிடம். மன்னிப்பு இல்லை, கட்டிப்பிடித்து அழுவது இல்லை. அவன் சுபாவம் கடைசி நிமிஷம் வரைக்கும் மாறவே இல்லை. இதைப் பார்த்துவிட்டுத்தான் கே. பாலசந்தர் ரஜினிக்குப் பாராட்டிக் கடிதம் எழுதினார். பின்னாளில் ஒரு மேடையில் பாலசந்தரே ரஜினியிடம் உனக்குப் பிடித்த இயக்குநர் யார் என்று கேட்டபோது மகேந்திரன் என்றுதான் பதில் வந்தது.

ஒன்லைன்:

'நெஞ்சத்தைக் கிள்ளாதே' பற்றியும் ஒரு வார்த்தை. சுஹாசினிக்கு அதுதான் முதல் படம், அதற்கு முன்னால் அசோக்குமாரிடம் ஒளிப்பதிவு உதவியாளராக இருந்தவர். மூன்று தேசிய விருது வாங்கியது: சிறந்த தமிழ்ப் படம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு. 'பருவமே' பாட்டில் அதிகாலையில் ஓடுகிற கால் சத்தமே தாளமாக வருவதைக் கேளுங்கள். பேச்சு குறைந்த படத்துக்கு ஒலிப்பதிவு விருது கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆட்கள் பேசாதபோதுதான் கதவுச் சத்தமும் காலடியும் காதில் விழும்.

பழைய_பேப்பர்:

சரி, நாவல் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1978-லிருந்து 1982 வரை எட்டுப் படம். அதற்குப் பிறகு 2006 வரைக்கும் நாலே நாலு: 'கை கொடுக்கும் கை', 'கண்ணுக்கு மை எழுது', 'ஊர்ப் பஞ்சாயத்து', 'சாசனம்'. மொத்தம் பன்னிரண்டோடு முடிந்துவிட்டது. இவ்வளவு தெரிந்தவர் ஏன் நின்றுபோனார்?

நாடகக்காரன்:

சந்தை மாறிவிட்டது தம்பி. எண்பதுகளின் நடுவில் பாட்டும் சண்டையும் ஒரு பக்கம், குடும்ப அழுகை இன்னொரு பக்கம் என்று ஆகிவிட்டது. அவர் எடுத்த மாதிரிப் படத்துக்கு ஒரு வேணு செட்டியாராவது அழுதுகொண்டே பணம் போட வேண்டும். அப்படி ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

'சாசன'த்தை யாரும் பார்ப்பதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம். செட்டிநாட்டுச் சுவீகாரத்தைப் பற்றிய கதை. பிள்ளை இல்லாத வீட்டுக்குச் சுவீகாரம் போனவன் அதோடு பெற்ற வீட்டுக்கு அந்நியன். அரவிந்த்சாமி, கௌதமி, ரஞ்சிதா நடித்தது, தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தயாரிப்பு. எடுத்து முடித்து வெளியே வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. காரைக்குடியில் படித்த மனுஷன் அந்தப் பெரிய வீடுகளின் உள்ளே இருந்த துக்கத்தைப் பார்த்திருக்கிறார். நான் அதை 'மெட்டி'க்கு மேலே வைப்பேன்.

மல்லி_உறையூர்:

கடைசி வருஷங்களில் நடிக்க வந்தாரே, அதையும் சொல்லுங்கள். 'தெறி' படத்தில் வில்லனாக அவர் பேசும் விதம்! குரலை உயர்த்தாமலே பயமுறுத்துவார். அப்புறம் 'நிமிர்', 'பேட்ட'. 'பேட்ட' வந்து மூன்று மாதத்தில், 2019 ஏப்ரல் 2-ம் தேதி, போய்விட்டார்.

புதுப் பிள்ளைகள் பலருக்கு அவர் 'தெறி' வில்லனாக மட்டுமே தெரியும். என் தங்கை மகனுக்கு 'ஜானி' போட்டுக் காட்டினேன். 'காற்றில் எந்தன் கீதம்' பாட்டு முடியும் வரை கைப்பேசியை எடுக்கவில்லை.

நிழல்படம்:

வைகைக்கரையான் சார், உங்கள் கட்சிக்கு ஒரு சோதனை. வசனத்தின் எல்லை தெரிந்தவர் என்கிறீர்கள். 'உதிரிப்பூக்கள்' முடிவில் ஊரே சேர்ந்து சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. அந்த இடத்தில் அவர் பேசாமல் இறங்கியிருக்கலாமே. இதுவரைக்கும் நான் செய்த தப்பிலேயே பெரிய தப்பு உங்களையும் என்னை மாதிரி ஆக்கியதுதான் என்று ஒரு பேச்சு பேசிவிட்டுப் போகிறார். சுந்தரவடிவேலுவாக நடித்த விஜயன் முகம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, கரையில் பிள்ளைகள் நிற்கிறார்கள். இதற்குமேல் வசனம் எதற்கு? பழைய 'தங்கப்பதக்கம்' எழுத்தாளர் கடைசி நிமிஷத்தில் எட்டிப் பார்த்துவிட்டார் என்பது என் எண்ணம்.

ஒன்லைன்:

நானும் இதை யோசித்திருக்கிறேன். எனக்கும் ஒருகாலத்தில் அது கூடுதலாகப் பட்டது உண்மை. வைகைக்கரையான் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

வைகைக்கரையான்:

எட்டிப் பார்த்தது பழைய எழுத்தாளர்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர் வர வேண்டிய இடத்துக்குத்தான் வந்தார்.

அந்தக் காட்சியில் நாம் என்ன மனநிலையில் இருக்கிறோம்? லட்சுமி செத்துவிட்டாள். அவள் தங்கை செண்பகத்தை அவன் அவமானப்படுத்திவிட்டான். அவன் சாக வேண்டும் என்று ஊர் நினைக்கிறது, நாமும் நினைக்கிறோம். அந்தக் கரையில் ஊர்க்காரர்களோடு நாமும் நிற்கிறோம். அவன் பேசாமல் இறங்கியிருந்தால் கெட்டவன் ஒழிந்தான், கணக்கு முடிந்தது. விஜயன் முகத்திலிருந்து அவனுடைய பயத்தை எடுக்கலாம், வருத்தத்தை எடுக்கலாம். ஆனால் "நீங்களும் இப்போது கொலைகாரர்கள்" என்பதை எந்த முகத்திலிருந்தும் எடுக்க முடியாது. ஆறு அதைச் சொல்லாது. பிள்ளைகள் சொல்ல முடியாது, அவர்களுக்கு அப்பா எங்கே போகிறார் என்றே தெரியாது. ஊர்க்காரன் எவனும் சொல்ல மாட்டான். அந்த இடத்தில் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் சாகப்போகிறவன்.

'தங்கப்பதக்க'த்தில் பெரிய பேச்செல்லாம் நேர்மையான அதிகாரிக்கு. இங்கே ஊரே காறித் துப்புகிற ஒருவன் வாயில் உண்மையை வைத்திருக்கிறார். அதுவும் நல்லவனாகத் திருந்திவிட்டான் என்று ஒரு காட்சி காட்டாமல். பத்து வருஷத்துக்கு மேல் வசனம் எழுதிய கை, எல்லா இடத்திலும் அடக்கிக்கொண்டு வந்து, இந்த இடத்தில் மட்டும் திறக்கிறது.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். அந்தப் பேச்சு வரும்போது மட்டும் சத்தத்தை நிறுத்திவிட்டு முடிவைப் பாருங்கள்.

நிழல்படம்:

பார்த்தேன் சார். இசையும் போய்விடுகிறது, அதனால் முழுச் சோதனை இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன விஷயம் உண்மைதான், பேச்சு இல்லாமல் பார்த்தால் ஊர்க்காரர்கள்மேல் எனக்கு எந்தக் கேள்வியும் வரவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு இன்னும் ஒரு வரி குறைந்திருக்கலாம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. 'சாசனம்' இந்த வாரம் பார்க்கப் போகிறேன், நாடகக்காரன் ஐயா சொன்னதற்காக. பார்த்துவிட்டு அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.